லாக் ஆகாத தப்பு: குரல்வளையை எடுக்கணுமா, விடணுமா?

இன்னைக்கு ஒரு ப்ரெடிக்‌ஷன் ப்ராப்ளம். ஆனா இதுல தப்பா கணிச்சா போறது ஒரு மனுஷனோட குரல்.

முத்தின குரல்வளைப் புற்றுநோய்க்கு ரொம்ப காலமா இருந்த வழி, குரல்வளையை முழுசா எடுத்துடறது. அதுக்கப்புறம் மூச்சு கழுத்துல போட்ட ஒரு துளை வழியாத்தான். பேச்சை வால்வு, கருவி, பயிற்சின்னு வேற வழியில திரும்பக் கத்துக்கணும்.

அது எவ்வளவு பெரிய இழப்பு? 1981ல அமெரிக்காவுல 37 ஆரோக்கியமானவங்ககிட்ட, அதாவது தீயணைப்பு வீரர்கள், கம்பெனி நிர்வாகிகள்கிட்ட, 'உங்களுக்கு இந்த நோய் வந்தா என்ன செய்வீங்க'ன்னு கேட்டாங்க. ஆயுள் குறைஞ்சாலும் பரவாயில்லை, குரல் வேணும், கதிர்வீச்சே போதும்னு சொன்னவங்க ஏறக்குறைய 20 சதவீதம்.

இப்போ நம்ம மொழிக்கு வருவோம். இங்க ரெண்டு விதமான தப்பு நடக்கலாம். ஒண்ணு, காப்பாத்தலாம்னு நம்பி மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, நோய் கேக்காமப் போறது. அப்புறம் பண்ற ஆபரேஷன்ல, கதிர்வீச்சு பட்ட இடத்துல புண் ஆறுறதே கஷ்டம். இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவது, காப்பாத்தியிருக்கக் கூடிய குரல்வளையை எடுத்துடறது. நோயாளி பிழைச்சிடுவார், ரெக்கார்டுல 'வெற்றி'ன்னு பதிவாகும். இந்தத் தப்பு எந்த லாக்லயும் வராது.

அதை வெளிய கொண்டு வந்தது 1991ல வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள்ல 332 நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும். இன்னொரு குழுவுக்கு முதல்ல ரெண்டு சுற்று கீமோ. கட்டி சுருங்கினவங்களுக்கு இன்னொரு சுற்றும் கதிர்வீச்சும், சுருங்காதவங்களுக்கு ஆபரேஷன். ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க ரெண்டு குழுவுலயும் 68 சதவீதம். ஆனா கீமோ குழுவுல 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பிச்சிருந்தது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கீமோ இங்க மருந்து மட்டுமில்ல, அதுவே டெஸ்ட். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு இதை இன்னும் சுருக்கினாங்க. ஒரே ஒரு சுற்று. கட்டி பாதிக்கு மேல சுருங்கினா மருந்து, கதிர்வீச்சு. இல்லைன்னா தாமதிக்காம ஆபரேஷன். 2006ல வந்த அவங்க முடிவுகள்ல, 97 பேர்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த டெஸ்ட்டைத் தாண்டினாங்க. ஒப்பிட இன்னொரு குழு வெச்சுப் பண்ணின ஆய்வு இல்லைங்கறதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

இப்போ ஸ்கேன் படத்தைப் பாத்தே முடிவைச் சொல்ற ஏஐ மாடல்கள் பத்தி நிறைய பேச்சு. சரி, ஆனா மாடலுக்கு நாம என்ன லேபிள் கொடுக்கறோம்? 'குரல்வளை இருக்கு'ன்னா? கழுத்துல இருக்கு, ஆனா சாப்பாடு நுரையீரலுக்குள்ள போகுது, குழாய் வழியாத்தான் உணவுன்னா, அது காப்பாத்தினதா? அந்த லேபிளோட ட்ரெயின் பண்ணின மாடல், நோயாளிக்கு வேண்டாத ஒண்ணைத்தான் ரொம்ப துல்லியமா கணிக்கும்.

அதனாலதான் குருத்தெலும்பைத் துளைச்சு வெளிய பரவின கட்டின்னா, இல்ல குரல்வளை ஏற்கெனவே வேலை செய்யலைன்னா, டாக்டர்கள் பெரும்பாலும் ஆபரேஷனையே சொல்றாங்க. 1991 ஆய்வுலயே, கீமோ குழுவுல இருந்த மிகப் பெரிய கட்டிக்காரங்கள்ல 56 சதவீதம் பேருக்குக் கடைசியில ஆபரேஷன் தேவைப்பட்டது. எடுக்கறது எப்பவும் தோல்வியில்ல.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த முடிவு எடுக்க வேண்டி வந்தா, டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. "இப்போ இந்தக் குரல்வளை எவ்வளவு வேலை செய்யுது?" "சிகிச்சை கேக்கலைன்னு எப்போ, எதை வெச்சுத் தெரிஞ்சுக்குவீங்க?" அப்புறம் நோயாளிகிட்ட ஒரு கேள்வி: "உங்களுக்கு எது முக்கியம்?" அதுக்குப் பதில் எந்த ஸ்கேன்லயும் இல்ல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.