சட்டம் அமைத்ததைக் கட்டளை கலைக்கலாமா?

வவுனியா வடக்கிலே, கண்டி வீதியோரத்தில் அமைந்த புளியங்குளம், தன் பெயரிலேயே குளத்தைத் தாங்கிய ஊர். வன்னியின் இத்தகைய ஊர்களில் உழவர் கூடிப் பேசி, வயலுக்கு நீர் விடும் நாளைக் குறிப்பர். அந்நாளிலே துருசைத் திறப்பதற்கு ஒருவர் பொறுப்பாவார். துருசைத் திறக்கும் உரிமை அவருக்கு உண்டு; குளக்கட்டை வெட்டும் உரிமை இல்லை. கல்வி நிறுவனங்களுக்கும் அவற்றை நடத்தும் அதிகாரிகளுக்கும் உள்ள தொடர்பும் இத்தகையதே.

அரசாங்க அமைப்புகள் யாவும் ஒரே வகையின அல்ல. சில, நிருவாக வசதிக்காக அமைச்சின்கீழ் ஏற்பட்ட கிளைகள். அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஆட்சியாளருக்குப் பெரிதும் இடமுண்டு. வேறு சில, பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தவை. பாடவிதானம் வகுத்து, ஆசிரியர் வழிகாட்டி நூல்களை ஆக்கும் மகரகமைத் தேசிய கல்வி நிறுவகம் 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தாலும், தேசிய கல்வி ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தாலும் அமைந்தன. இவற்றை ஒழிக்க வேண்டுமாயின் பாராளுமன்றமே அச்சட்டங்களை நீக்குதல் வேண்டும். சுற்றறிக்கையோ கடிதமோ அதற்குப் போதாது. அதிகாரி வரம்பு மீறினால், அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுத்தாணை வழங்கி அவர் செயலைச் செல்லாததாக்கலாம்.

இதுவரை வழி நேரானது. மரத்தை வெட்டாது வேரிலே வெந்நீர் ஊற்றினால் என் செய்வது? பெயர்ப்பலகை இருக்கும், ஆளும் பணமும் இரா.

2025இல் அமெரிக்காவிலே இக்கேள்வி நீதிமன்றம் ஏறிற்று. அந்நாட்டின் மத்திய கல்வித் திணைக்களம் 1979இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் தோன்றியது. 2025 மார்ச்சில் அதன் ஊழியரை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் முடிவு வெளியாயிற்று. அம்மாதம் 20ஆம் திகதி, சட்டம் இடமளிக்கும் அளவுக்கு அதனை மூடும் வழிகளை மேற்கொள்ளுமாறு ஜனாதிபதி டிரம்ப் கட்டளையிட்டார். மாநிலங்களும் ஆசிரியர் சங்கங்களும் வழக்குத் தொடுத்தன. ஆட்குறைப்பு நிருவாகச் சீர்திருத்தமே என்றது அரசு. சட்டம் விதித்த கடமையைச் செய்ய ஆளில்லையெனின் அது மூடுவதே என்றனர் வழக்காளர். மே 22இல் மசச்சூசெற்ஸ் மாவட்ட நீதிபதி மியொங் ஜூன் ஆட்குறைப்பைத் தடுத்தார். ஜூலை 14இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மேன்முறையீடு முடியும்வரை அத்தடையை நிறுத்திவைத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதற்குக் காரணம் கூறவில்லை. நீதிபதி சொட்டோமயரும் வேறிருவரும் உடன்படவில்லை.

இதனால் அறியத்தக்கது யாது? எல்லையைச் சட்டம் வகுக்கிறது. ஆனால் வழக்கு முடியுமுன்னரே ஊழியர் கலைந்துவிடக் கூடும். பயனற்ற நிறுவனத்தை மக்கள் பிரதிநிதிகள் வெளிப்படையாக விவாதித்து நீக்கலாம். அது அவர்தம் உரிமை. ஓசையின்றித் தேயவிடுதலே தவறு. வழிகாட்டி நூல் வராத நாளில் நகரத்து மாணவனுக்கு வேறு துணைகள் உண்டு; வன்னிக் கிராமத்துப் பிள்ளைக்கோ அதன் ஆசிரியர் ஒருவரே துணை.

கட்டை வெட்டுபவனை ஊர் உடனே காணும். நண்டு துளைப்பதைக் காண்பதற்கோ நாள்தோறும் கட்டின்மேல் நடக்க வேண்டும். கல்விக்கும் அத்தகைய காவலே வேண்டற்பாலது.