மகாகனம் சாஸ்திரியார்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டு வெளியூரில் குடியேறிய நாம் கூடியிருக்கும் இந்நாளில், நமக்கு முன்னரே தமிழகத்தின் எல்லையைக் கடந்து நற்பெயர் ஈட்டிய ஒருவரை நினைத்துக்கொள்வது பொருத்தமாகும். அவர்தாம் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாக அவர் தோன்றினார். கல்வி ஒன்றே அவர் தேடிய செல்வம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கினார். 1904இல் அப்பகுதியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றவும் துணை நின்றார். ஆசிரியர் பணி வகுப்பறையோடு முடிவதன்று என்பதை இவ்வாறு செய்து காட்டினார்.

1907இல் தலைமையாசிரியர் வேலையைத் துறந்து, கோகலே பூனாவில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். குடும்பஸ்தருக்கு இஃது எளிய முடிவன்று. துறவி துறப்பது தன் சுகத்தை மட்டுமே. இல்லறத்தான் துறக்கும்போது அவன் வீட்டு அடுக்களையும் உடன் துறக்கிறது. மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் நமக்கு இதன் அருமை தெரியும்.

காந்தியடிகளினும் அவர் பத்தே நாள் மூத்தவர். அடிகள் அவரைத் தமையனாகவே போற்றினார். ஆயினும் ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை. ஏற்காததை மறைக்கவும் இல்லை. அதனால் ஏச்சும் பேச்சும் பெற்றார். நாடு அடிகளின் வழியிலேயே சென்றது. எனினும் அவ்விருவர் நட்பு முறியவில்லை. 1931இல் காந்தி - இர்வின் உடன்பாட்டிற்காகச் சாப்ரு, ஜயகர் ஆகியோருடன் நடுநின்று முயன்றவரும் அவரே. 1946 ஜனவரியில் சென்னை மருத்துவமனையிற் கிடந்த அவரை அடிகள் நேரிற் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார்.

கடல் கடந்த இந்தியர்க்கும் அவர் ஆசானாய் நின்றார். 1927இல் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோரின் சந்ததியார்க்கு உயர்நிலைக் கல்வி வேண்டுமென்று உழைத்தார். அங்குள்ள இந்தியர் பொருள் திரட்டினர். 1929இல் டர்பனில் திறக்கப்பெற்ற சாஸ்திரி கல்லூரி அம்முயற்சியின் பயனாகும். 1928இல் தம்மை நாடி வந்த 'சர்' பட்டத்தையோ வேண்டாமென்று மறுத்துவிட்டார்.

எங்கிருந்தாலும் உற்றார்க்கும் நண்பர்க்கும் கடிதம் எழுதுவதை அவர் விட்டாரில்லை. தொழுநோயுற்ற டி. என். ஜகதீசன் என்னும் இளைஞருக்கு அன்பும் ஆதரவும் அளித்தார். பிற்காலத்தில் தொழுநோய்ப் பணியிற் புகழ்பெற்ற அவரே, 1944இல் சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஊரார் ஒதுங்கிய ஒருவரிடம் காட்டிய பரிவு, அறவுரை பல கூறுவதினும் மேலானதன்றோ?

அன்பர்களே, நம் காலனியிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் இருக்கின்றனர். நாம் விரும்பாததை எடுத்துரைக்கும் பெரியவரும் இருக்கின்றனர். முன்னவரைப் போற்றுகிறோம்; பின்னவரைக் கண்டால் வழி மாறிச் செல்கிறோம். மாறுபட்டுப் பேசுவோரை நம் வீட்டுக் கூடத்தில் அமர்த்தி, ஒரு வாய் காப்பி கொடுத்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்போமாக. சாஸ்திரியாரின் நினைவுக்கு நம்மால் செய்யக்கூடிய சிறப்பு அதுவே.