தீயின்றிப் பற்றும் மாழை



இரு மாழைத் துண்டுகளை ஒன்றாக்க வேண்டின் தீ மூட்டி உருக்குக என்பதே பட்டறைகள் நெடுங்காலம் கண்ட வழக்கம். அவ் வழக்கம் தோற்ற இடம் ஒன்றுண்டு. அலுமினியத்தினுள் சிலிக்கான் கார்பைடு என்னும் கடுந்துகளைக் கலந்து ஆக்கும் கூட்டுப்பொருளே அது. எடையில் எஃகின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. ஆயினும் தேய்வைத் தாங்குவதில் வெற்று அலுமினியத்தினும் மிக மேலானது.

அதனை உருக்கினால் நேர்வதென்ன? உருகிய அலுமினியம் துகளையே தின்னத் தொடங்கும். சிலிக்கானை விலக்கிக் கரியைப் பற்றி, அலுமினியம் கார்பைடு என்னும் ஊசியூசியான நொறுங்குபொருளாய் மாறும். ஈரம் பட்டாலோ அவ்வூசிகள் மீதேன் வளியை வெளிவிட்டுச் சிதையும். வலிமைக்கென இட்ட பொருளே இணைப்பின் கறையானாகி விடுகின்றது!

1991-இல், இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்சை அடுத்துள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில், வேய்ன் தாமசும் உடனுழைத்தோரும் கண்ட உராய்வுக் கலக்கு முறை இதற்கு வழி திறந்தது. முதலில் வெற்று அலுமினியக் கலவைகட்கே பயன்பட்ட அது, பின்னர்க் கூட்டுப்பொருட்கும் வந்தது. சுழலும் கருவியின் தோள் மேற்பரப்பை உராயும். அடியிலுள்ள முளை இரு தகடுகளின் பொருத்துவாயிற் புகுந்து கலக்கியவாறே முன்னகரும். அலுமினியம் உருகுவது 660 செல்சியசுப் பாகையில். இங்கு வெப்பம் உருகுநிலைக்குக் கீழேயே நிற்கும். மாழை பிசைந்த மாவெனக் குழைந்து ஒன்றாகும். துகள்களும் ஓரிடத்துத் திரளாது பரவும்.

'பற்றவைத்தல்' என்னும் நம் சொல்லுக்குத் தீ மூட்டுதல் என்றும் பொருள், ஒன்றையொன்று பற்றச் செய்தல் என்றும் பொருள். இம் முறையில் முன்னது நீங்கியது, பின்னது நின்றது. சொல் பழுதுபடவில்லை.

பழுதுபடுவது கருவிதான். கடுந்துகள் எஃகு முளையை அரம்போல் அராவும். அராவிய எஃகுத்தூள் இணைப்பினுள்ளேயே தங்கும். தெக்சாசு மாநிலத்து எல் பாசோப் பல்கலைக்கழகத்தார், 20 விழுக்காடு அலுமினா கலந்த பொருளில் இதனை அளந்து பார்த்தனர். சுழற்சி விரைந்தால் தேய்வு மிகுந்தது. முன்னகர்வு விரைந்தால் தேய்வு குறைந்தது. 2003-இல் அவர்கள் வெளியிட்ட முடிவோ வியப்புக்குரியது. முளையின் மரைகள் முற்றும் அழிந்து, வழவழத்த ஒரு வடிவம் தானே அமைந்தபின், தேய்வு பெரிதும் அடங்கிவிட்டது. மரையற்ற அம் முளையும் தகடுகளை நன்றாகவே இணைத்தது.