முதுமையில் எலும்பும் நோய் எதிர்ப்பாற்றலும்

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் சுமார் 7.7 கோடி. 2011-இல் இத்தொகை 10.4 கோடியாக உயர்ந்தது. ஆயுள் நீள்வது நாட்டின் வெற்றியே. எனினும், நீண்ட ஆயுள் நலமான ஆயுளாகவும் அமைய வேண்டும்.

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்கிறார். படுக்கையில் கிடக்கும் அவரைச் சில வாரங்களில் நிமோனியா தாக்குகிறது. குடும்பத்தார் இவற்றை இருவேறு துன்பங்களாகக் கருதுகின்றனர். உண்மையில், இரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஒரே இல்லம்

எலும்பு உயிருள்ள திசுவாகும். பழைய எலும்பை அரிக்கும் அணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதில் ஓயாது பணியாற்றுகின்றன. சுமார் 30 வயதில் எலும்பின் திண்மை உச்சத்தை எட்டுகிறது. பிற்காலத்தில் அரிப்பு மிகுந்து, கட்டுமானம் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு இவ்விழப்பு விரைவாக நிகழ்கிறது.

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பிறப்பதும் எலும்பின் மஜ்ஜையிலேதான். அவற்றில் ஒரு வகையைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கி வருகிறது. ஆகவே, புதிய கிருமியை எதிர்க்கும் திறன் முதுமையில் தளர்கிறது. தடுப்பூசியின் பயனும் ஓரளவு குறைகிறது. மேலும், முதியோர் உடலில் மெல்லிய அழற்சி நீடித்து நிற்பதுண்டு. அவ்வழற்சியின் வேதிப் பொருள்கள் எலும்பை அரிக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. இவ்வாறு ஒன்றின் தளர்ச்சி மற்றொன்றையும் பாதிக்கிறது.

காப்பதற்கு வழி

இரண்டிற்கும் உதவும் வைட்டமின் 'டி' வெயில் மிகுந்த நம் நாட்டிலும் பலருக்குக் குறைவாகவே உள்ளது. வீட்டிற்குள் முடங்கிய வாழ்வும், மூப்படைந்த தோல் அச்சத்தைக் குறைவாக உண்டாக்குவதும் இதற்குக் காரணங்கள். சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லி கிராம் உள்ளது; அரிசியில் மிகக் குறைவு. பால், பருப்பு, கீரை, அன்றாட நடை, உரிய தடுப்பூசிகள் ஆகியவை பெருஞ்செலவின்றி இயல்வனவே. புகையிலையை விடுவதும் இன்றியமையாதது.

2010-11-இல் தொடங்கிய முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கை கொண்ட முதியோர் பிரிவுகளையும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாராந்தர முதியோர் சிகிச்சை நாளையும் வகுத்தது. 2024-இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, 70 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. முறிந்த எலும்பிற்கு மருத்துவமனைச் சிகிச்சை பெற இது துணைபுரியும். ஆனால், எலும்பு முறியாமல் காப்பது வாராந்தர சிகிச்சை நாளின் பணியாகும். அன்று இரத்த அழுத்தத்தை அளப்பதோடு நில்லாமல், முதியவர் முன்பு விழுந்ததுண்டா, பார்வை தெளிவாக உள்ளதா, தடுப்பூசி பெற்றாரா என்றும் வினவுதல் வேண்டும். இம்மூன்று வினாக்களுக்கும் கருவி எதுவும் தேவையில்லை.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. 30 வயதிற்குள் சேர்த்த எலும்பே முதுமைக்கு வைப்புநிதி. விளையாட்டுத் திடலும் பள்ளிச் சத்துணவும் அந்நிதியைப் பெருக்குகின்றன. முதியோர் நலத் திட்டம் முதுமையில் தொடங்குவதன்று. அதன் அடித்தளம் இளமையிலேயே இடப்பட வேண்டும்.