தவக்காலமும் மன்னார் யாத்திரையும்

(தவக்காலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தோட்ட மண்டபத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வருகிற புதன்கிழமை விபூதிப் புதன். அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நாற்பது நாள் தவக்காலத்துக்குள் போகிறோம். இந்த முறையும் மன்னாருக்கு ஒரு யாத்திரை போக வேண்டும் என்று லயத்துக்கு லயம் பேச்சு நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் போவதற்கு முன்னால் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், எப்படிப் போகப்போகிறோம் என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து பேசிக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். போன தடவை நாம் போனது யாத்திரை மாதிரி இருந்ததா, ட்ரிப் மாதிரி இருந்ததா? பஸ்ஸில் விடிய விடியப் பாட்டுப் பெட்டி. பின் சீட்டில் போத்தல். கோயில் வாசலில் இறங்கும்போது பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்குத் தலைவலி. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பஸ் காசுக்கும் செலவுக்கும் என்று ஒரு தாய் தன் மகளின் தோட்டை அடகு வைத்தார். புதுநன்மை வாங்கிய நாளில் அந்தப் பிள்ளைக்குப் போட்ட தோடு. வட்டி கட்ட முடியாமல் அது ஏலத்தில் போனது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் காதில் ஈர்க்குக் குச்சியோடுதான் பள்ளிக்கூடம் போகிறது. இதில் அந்தத் தாயை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒழுங்கு செய்த நாங்களும் யாரிடம் காசு இருக்கிறது, யார் கடன் வாங்குகிறார் என்று கேட்கவில்லை. அது எங்கள் குற்றம். அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே பேசுகிறோம்.

சரி, மன்னாருக்கு ஏன் போக வேண்டும்?

மன்னார் நமக்கு அந்நிய ஊர் இல்லை. நம் பாட்டன் பூட்டன் இந்த நாட்டில் முதல் காலடி வைத்த கரைகளில் அதுவும் ஒன்று. தொண்டி, பாம்பன் பக்கமிருந்து தோணி ஏறி, தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாக வந்தார்கள். இன்றைய ரோட்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 250 கிலோமீற்றர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. 2023ஆம் ஆண்டு, மலையகத்துக்கு 200 வருடம் என்று, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்த நடைபயணத்தை உங்களில் சிலர் அறிவீர்கள். 16 நாட்கள் எடுத்தது அந்த நடை. சோறும் தண்ணியும் மருந்தும் கூடவே வந்த நடை அது. இது எதுவும் இல்லாமல், முதுகில் பிள்ளையோடு நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

அதனால் இந்த முறை ஒரு மாற்றம் செய்ய நினைக்கிறோம். வழக்கமாக மடுவில் தொடங்கித் தலைமன்னாரில் முடிப்போம், கடலில் குளித்துவிட்டு வீடு திரும்புவோம். இந்தத் தடவை நேரே தலைமன்னாருக்குப் போய், அங்கே தொடங்கி மடுவில் முடிப்போம். கடலிலிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து மலைக்கு என்று, முன்னோர் நடந்த திசையிலேயே திரும்பி வருவோம்.

தலைமன்னார்ப் பாலத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். 1914இல் ரயிலும் கப்பலும் இணைந்து ஓடத் தொடங்கிய துறை அது. பிறகு 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னால் நம் சனங்கள் பெட்டி படுக்கையோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதும் அங்கேதான். போன தடவை நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து எழும்பவே மாட்டேன் என்றார். "எங்க அக்கா இதுலதான் போனா. போய்ட்டு கடுதாசி போடுறேன்னா. ஒரே ஒரு கடுதாசிதான் வந்திச்சு" என்று சொல்லி அழுதார். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று புரியவில்லை. புரிய வைக்காதது நம்முடைய பிழை. இந்த முறை சிலுவைப்பாதையின் முதல் தலத்தை அந்தக் கரைக்குப் பக்கத்திலேயே சொல்லுவோம்.

அங்கிருந்து பேசாலை. வெற்றி மாதா கோயில் உள்ள மீனவர் ஊர். பாடுகளின் காலத்தில் இயேசுவின் பாடுகளை உருவச் சிலைகளைக் கொண்டு நடத்திக் காட்டும் 'உடக்குப் பாஸ்' என்ற பழைய மரபுக்குப் பேர் போன ஊர். வலை இழுத்துக் காய்த்த கைகளால் அவர்கள் அதைச் செய்கிறார்கள். கொழுந்து பறித்துக் கறை பிடித்த நம் கைகளுக்கு அந்தக் கைகள் சொந்தம்தான்.

அடுத்தது தோட்டவெளி, வேதசாட்சிகளின் திருத்தலம். இந்தக் கதை கட்டாயம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1544ஆம் ஆண்டு மன்னார்த் தீவின் பட்டிம் என்ற ஊர் மக்கள், தென்னிந்தியக் கரையில் இருந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குச் சொல்லி அனுப்பினார்கள், எங்களுக்கும் வேதம் போதிக்க வாருங்கள் என்று. அவர் ஒரு குருவை அனுப்பிவைத்தார். அந்த மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி இதைக் கேள்விப்பட்டுப் படையோடு வந்து, மதத்தை விடச் சொன்னான். அவர்கள் விடவில்லை. 600 முதல் 700 பேர் வரை கொல்லப்பட்டார்கள். போர்த்துக்கேயரோடு உறவு வைத்தால் தன் ஆட்சிக்கு ஆபத்து என்ற அரசியல் பயமும் அரசனுக்கு இருந்தது. ஆனால் செத்தவர்கள் அரசியல்வாதிகள் இல்லை. வேதம் கேட்டு எவ்வளவோ நாள் ஆகாத ஏழைச் சனங்கள். இந்த நாட்டில் விசுவாசத்துக்காக முதலில் இரத்தம் சிந்தியவர்கள் அவர்கள்தான்.

மன்னார்ப் பட்டினத்துக்கு வந்தால் புனித செபஸ்தியார் பேராலயம். மன்னார் மறைமாவட்டம் 1981இல் உருவானது. 1992 முதல் ஆயராக இருந்து, யுத்த காலத்தில் காணாமல் போனவர்களுக்காகவும் கொல்லப்பட்டவர்களுக்காகவும் பயமில்லாமல் பேசிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அன்றைக்குப் பெரிய வியாழன். அவரை இந்தப் பேராலயத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் மன்னார்க் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. உள்ளே பாழடைந்த ஒரு கோயிலும் இருக்கிறது. பள்ளிமுனையில் பெருக்க மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஒல்லாந்தர் வந்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு நாட்டில் இடமில்லை, ஒளித்து வைத்துக்கொண்டால் தண்டனை. அப்படிப்பட்ட நேரத்தில்தான், 1687ஆம் ஆண்டு, கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் இந்தக் கரைக்கு வந்தார். எந்த வேசத்தில் வந்தார் தெரியுமா? கூலிக்காரன் வேசத்தில். 'கூலி' என்று சொல்லி நம்மை எவ்வளவோ பேர் இளக்காரமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத் தலை குனிந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு புனிதர் இந்த நாட்டுக்குள் வர அந்த உடுப்பைத்தான் போட்டுக்கொண்டார் என்று இனிமேல் அவர்களுக்குச் சொல்லுங்கள். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி எல்லோரும் ஓடினபோது, அவர் ஓடாமல் நின்று நோயாளிகளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கும் போனார்.

தீவிலிருந்து பாலம் கடந்து வரும்போது ஒரு பக்கம் வங்காலை. அங்கே புனித அன்னம்மாள் கோயில் பங்குக் குருவாக இருந்த மேரி பஸ்ரியன் அடிகள் 1985 ஜனவரி 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வேதசாட்சி என்பது 1544ஆம் ஆண்டோடு முடிந்த கதை இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

அடுத்தது மாந்தை. பக்கத்திலேயே பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம். நம் லயங்களில் கத்தோலிக்கரைவிட இந்துக் குடும்பங்கள்தான் அதிகம். அவர்களும் இந்த பஸ்ஸில் வரலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக வரலாம். கேதீச்சரத்தில் இறங்கிக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், மற்றவர்கள் பாலாவி தீர்த்தக் கரையில் காத்திருப்போம். காட்டு வழியில் நடந்து வந்த காலத்தில் ஒருவர் சாமியை ஒருவர் இளக்காரம் பண்ணிக்கொண்டா வந்தார்கள்? உயிரோடு மாத்தளை சேர்ந்தவர்கள் அங்கே மாரியம்மனுக்கு நன்றி சொன்னதாகத்தான் நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

மாந்தையிலிருந்துதான் மடு மாதா போனார். 1670இல், ஒல்லாந்தரின் கெடுபிடி தாங்காமல் இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிக் கடைசியில் மடுக் காட்டில் தங்கின. யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஓடி வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். இப்போது நாம் பார்க்கும் பெரிய கோயிலுக்கு 1872இல் அடிக்கல் வைத்தார்கள். 1924 ஜூலை 2ஆம் திகதி மாதாவுக்கு முடி சூட்டினார்கள். ஆனால் தொடக்கம் என்னவோ அகதிகள் கட்டிய சின்னக் கொட்டில்தான். யுத்த காலத்திலும் ஆயிரக்கணக்கான சனம் அங்கே தஞ்சம் புகுந்தது. 1999 நவம்பரில் கோயில் வளவிலேயே எறிகணை விழுந்து பலர் மாண்டார்கள். 2008இல் மாதாவே இடம்பெயர வேண்டி வந்தது. அந்த வருடமே திரும்பி வந்தார். 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு ஓடி வன்னியில் குடியேறிய நம் சொந்தக்காரர்களும் மாதாவின் அந்தக் காட்டைச் சுற்றித்தான் வாழ்கிறார்கள். விலாசம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே அறிவியுங்கள். மடுவில் சந்திக்கலாம்.

இனி, எப்படிப் போவது என்று பேசுவோம்.

ஒன்று, கடன் வாங்கி யாரும் வரக்கூடாது. விபூதிப் புதன் முதல் தவக்கால உண்டியல் ஒன்றை வீட்டில் வையுங்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி, மீன் வாங்காத காசு, சாராயம் குடிக்காத காசு, வெற்றிலை குறைத்த காசு அதில் விழட்டும். காசு சேராத குடும்பத்துக்கு மற்றவர்கள் சேர்ந்து இடம் பிடித்துக் கொடுப்போம். யாருக்குக் கொடுத்தோம் என்பது குழுவுக்கு வெளியே போகாது. மிச்சக் காசில் முதல் வேலையாக அந்தப் பிள்ளைக்கு ஒரு தோடு வாங்குவோம். இது எங்கள் கடமை.

இரண்டு, உபவாசம். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி என்பது 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது வரையானவர்களுக்கு, விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றைக்கும் ஒரு நேரம் முழுச் சாப்பாடு உண்டு. இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஒருசந்தி கடமை இல்லை. இரத்தம் குறைவு என்று டிஸ்பென்சரியில் மாத்திரை எழுதிக் கொடுத்த அம்மா, வெறும் வயிற்றோடு மலை ஏறிக் கொழுந்து பறித்து மயங்கி விழுவதை ஆண்டவர் கேட்கவில்லை. சீனி வியாதிக்காரர்களும் அப்படித்தான். மருந்தை நிறுத்துவது தவம் இல்லை.

மூன்று, மன்னார் வெயில் நம் மலை வெயில் இல்லை. ஆளுக்கு ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி, ஜீவனி பக்கெட் கையில் இருக்கட்டும். மடு மண்ணை நம்பிக்கையோடு கொண்டு வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பாம்பு கடித்தால் மண்ணைப் பூசிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். கடிபட்ட இடத்தை ஆட்டாமல் அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மாதா டொக்டர் கையாலும் சுகம் தருவார்.

நான்கு, பஸ்ஸில் பாட்டுப் பெட்டியும் போத்தலும் இல்லை. ட்ரைவர் தூங்காமல் ஓட்ட, மாற்று ட்ரைவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவோம். திங்கள் காலை எல்லோரும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் பேர் போனாலும் அந்தக் குடும்பத்துக்கு அது நஷ்டம்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. நாம் கோயில் பார்க்க மட்டும் போகவில்லை. விசுவாசத்துக்காகச் செத்தவர்களின் ஊருக்கும், பிழைப்புக்காக நடந்து செத்தவர்களின் வழிக்கும் போகிறோம். இரண்டு பேருக்காகவும் ஒரு செபமாலை சொல்லுவோம். வழியில் விழுந்த நம் ஆட்களின் பெயர் நமக்குத் தெரியாது. மடுவில் மெழுகுதிரி கொளுத்தும்போது, குடும்பத்துக்கு ஒன்று போக, பெயர் தெரியாதவர்களுக்காக இன்னும் ஒன்று கொளுத்துங்கள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைக் காம்பராவுக்கு வாருங்கள். வரும்போது உண்டியலில் சேர்ந்ததையும் கொண்டு வாருங்கள். கொஞ்சமாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம்.