காயலில் இறங்கிய குதிரைகள்



நம்ம மாப்பிள்ளையூரணிப் பக்கத்தைப் பற்றிப் பேச வந்தால் முத்து, உப்பு, துறைமுகம் என்பார்கள். குதிரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருச்செந்தூர் போகிற வழியில் பழையகாயல் இருக்கிறதே, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பாண்டியனின் குதிரைப்படை அங்கேதான் கரையிறங்கியது. ஹோர்முஸ், கீஷ் எல்லாம் பாரசீக வளைகுடாவின் துறைகள். அங்கிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வரும். ஒரு குதிரை 220 பொன் தினார் என்று வஸ்ஸாப் என்ற பாரசீக ஆசிரியர் எழுதுகிறார். வழியில் கடலிலே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் காசு கொடுத்தாக வேண்டும். எப்பேர்ப்பட்ட வியாபாரம் பாருங்கள்!

வந்த குதிரையாவது பிழைத்ததா? கொட்டிலில் நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்தார்கள். நெய்யில் வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். அப்புறம் பழக்காமலே ஏறி ஓட்டினார்கள். இங்கே வந்த பயணி மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: குதிரைக்கு வைத்தியம் தெரிந்த ஆளை மட்டும் வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! பாண்டியன் குதிரையை வாங்கினான், குதிரை வளர்க்கும் வித்தையை வாங்கவில்லை. என் கணக்கில் அதுதான் முதல் தோல்வி.

இரண்டாவது தோல்வி வீட்டுக்குள்ளே. பாண்டிய அரசர்கள் அண்ணன் தம்பிகள். அவர்கள் சண்டைக்குக் கிளம்பினால், 'உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன்' என்று தாய் கத்தியோடு குறுக்கே நிற்பாளாம். அவள் கண்ணை மூடினால் இவர்கள் அடித்துக்கொண்டு அழிவார்கள் என்றும் போலோ எழுதிவைத்தார். அடுத்த தலைமுறையில் அது பலித்தது. 1310-இல் மன்னனான தந்தை குலசேகரனைச் சுந்தரபாண்டியன் கொன்றான் என்கிறார் வஸ்ஸாப். தம்பி வீரபாண்டியனோடு போர் மூண்டது. அரபுக் குதிரைகள் இரண்டு பக்கமும் நின்றன. காயல் கஜானா இரண்டு பக்கமும் கரைந்தது.

1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்கு வந்தபோது எதிர்க்க ஒரே படை இல்லை. அவன் ஓட்டிப்போன குதிரை 5,000 என்கிறார் டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு; 20,000 என்கிறார் வரலாற்றாசிரியர் பரணி. எந்தக் கணக்கானாலும் நம் கரையில் இறங்கிய குதிரைகள் டெல்லிக்கு நடந்தன.

ஆசிரியப் பெருமக்களே, மாலிக் காபூர் வந்தான், கொள்ளையடித்தான் என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். அண்ணன் தம்பி சண்டையையும் காயல் குதிரையையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.