வலிக்காத கட்டியும் பெரிய ஸ்கேனும்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் இராஜபாளையத்துக்கு அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆனால் இந்தப் பகுதித் தாய்மார் பலர் மார்பில் கட்டி தென்பட்டும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "வலிக்கவில்லையே" என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதுதான் ஆபத்து.

'பெட்-சிடி' ஸ்கேன் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 1998-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முதன்முதலாகப் பயன்பட்ட இக்கருவி, இரண்டு படங்களை ஒன்றாக்குகிறது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற மருந்தை ஊசியில் செலுத்துவார்கள். புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக உறிஞ்சும். பெட் படம் அந்த இடங்களை ஒளிரக் காட்டும். அது எந்த எலும்பு, எந்த உறுப்பு என்பதைச் சிடி படம் காட்டும்.

ஆனால் இது முதல் பரிசோதனை அல்ல. மிகச் சிறிய கட்டியை இது தவறவிடலாம். சாதாரண அழற்சியும் ஒளிரலாம். மருத்துவரின் கைப் பரிசோதனை, மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், அதன்பின் சதையெடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்பதே வரிசை. நோய் முற்றியிருக்குமோ, பரவியிருக்குமோ என்ற நிலையில்தான் பெட்-சிடி உதவும்.

அதற்கு மதுரை போன்ற நகரத்துக்கு வெறும் வயிற்றோடு பயணம், துணைக்கு ஓர் ஆள், இருவருக்கும் ஒருநாள் கூலி நஷ்டம். உங்கள் உதவி இங்கேதான் தேவை.

இன்னொரு உதவியும் கேட்கிறேன். உங்கள் தெருவிலுள்ள ஒரு சகோதரியைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். சீக்கிரம் வருபவருக்கு அந்தப் பெரிய ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.